வெளிநாட்டு ரொட்டி

தெஹியோவிட்ட பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜீவராணி பன்னிரண்டு வருஷமாக ரொட்டி சுட்டு விற்கிறாள். இந்த விஷயம் அரசாங்கத்துக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இவ்வளவு நாள் விட்டு வைத்திருப்பார்களா?

அரசாங்க உத்தியோகத்தர் ஸ்ரீதரனுக்குத் தெரியும். தினமும் காலை ஏழு மணிக்கு வந்து, "அக்கா, ரெண்டு ரொட்டி. கட்ட சம்பல் கொஞ்சம் கூடப் போடுங்க" என்று கேட்டு, நின்ற வாக்கிலேயே தின்று, விரலை நக்கிவிட்டுத்தான் ஆபீசுக்கு நடப்பார். ஆனால் ஸ்ரீதரன் எட்டரை மணிக்குத்தான் அரசாங்கம் ஆவார். அதுவரைக்கும் அவர் பக்கத்து ரப்பர் தோட்டத்து மூணாம் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்த பிள்ளை. ஜீவராணிக்குத் தம்பி முறை.

அந்த ஸ்ரீதரன்தான் ஒரு நாள் எட்டே முக்காலுக்குத் திரும்பி வந்து, அவளுடைய கண்ணாடிப் பெட்டியில் ஒரு நோட்டீசை ஒட்டிவிட்டுப் போனார். 'ஒற்றுமைச் சுவை: பல்லின வீதி உணவுத் திருவிழாச் சந்தை' என்று மேலே கொட்டை எழுத்து. ரோட்டோரச் சாப்பாட்டின் அருமையை மக்களுக்கு எடுத்துக் காட்டப் போகிறார்களாம். கீழே பொடி எழுத்தில் இன்னொன்று இருந்தது. இந்தத் திருவிழாவில் கலந்துகொண்டு அங்கீகாரச் சான்றிதழ் வாங்காத எவரும் அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து ரோட்டோரத்தில் சாப்பாடு விற்கக் கூடாது. அதாவது, ரோட்டோரச் சாப்பாட்டை மேலே தூக்கி நிறுத்துவதற்காக அதைச் சமைக்கிறவர்களைத் தூக்கிவிடுவது என்று முடிவு. எவ்வளவு நல்ல மனசு!

ஜீவராணி நோட்டீசை உரித்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். புருஷன் இருளப்பன் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன். மழை பெய்தால் பால் வெட்ட முடியாது, அன்றைக்குப் பேர் விழாது, கூலி கிடையாது. இந்தப் பக்கத்து மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மழை நாளில் அந்த வீட்டில் சோற்று உலை கொதிப்பது இந்த ரொட்டிக்கல் காய்வதால்தான்.

"ஒரு சேட்டிபிக்கட்தானே? போய் வாங்கிட்டு வந்துரு" என்றான் இருளப்பன். பாவம், அவன் மரங்களோடு பழகியவன்.

பல்லின வீதி உணவு நல்லிணக்கச் செயலகத்துக்கு அவள் போனபோது மணி ஒன்பது. கவுண்டருக்குப் பின்னால் ஸ்ரீதரன் உட்கார்ந்திருந்தார். மேல் உதட்டில் இன்னும் சம்பல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பெயர்?" என்றார்.

ஜீவராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னா தம்பி, தெரியாத மாதிரி கேக்குறீங்க? காலையிலதானே சம்பல் பத்தலன்னு சொன்னீங்க."

"இது ஆபீஸ். பெயர்?"

"ஜீவராணிங்க... சார்."

படிவம் பதினாலு பக்கம். உணவின் பெயர், உணவின் தாய்மொழி, உணவு இதற்கு முன் ஏதாவது இனக் கலவரத்தில் சம்பந்தப்பட்டதா, ஆம் எனில் எந்தப் பக்கம். இவற்றையெல்லாம் ஸ்ரீதரன் முகத்தைச் சுளிக்காமல் கேட்டார். ஜீவராணியும் தெரிந்த மட்டும் பதில் சொன்னாள். ஒன்பதாம் பக்கத்தில் 'இனம்' என்று ஒரு கட்டம் வந்தது. அவளுடைய பிறப்புச் சாட்சிப்பத்திரத்தை வாங்கி, விரலை ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தி, சிவப்புப் பேனையை எடுத்தார்.

"இந்தியத் தமிழர்னு இருக்கு."

"ஆமாங்க. எங்க எல்லாருக்கும் அப்பிடித்தானே போட்டிருக்கு."

"இந்தியான்னா வெளிநாடு. நீங்க 'உ' பிரிவுல வர்றீங்க. வெளிநாட்டு உணவு."

ஜீவராணி பின்னால் திரும்பிப் பார்த்தாள், வேறு யாரையாவது சொல்கிறாரோ என்று. யாரும் இல்லை. "வெளிநாடா? நான் அவிசாவளைக்கு அங்கிட்டே மொத்தம் ரெண்டு தடவதாங்க போயிருக்கேன்."

"சட்டம் அப்பிடி இருக்கு. எம்பஸியில இருந்து ஒரு கடிதம் வேணும். இந்த ரொட்டி அவங்க நாட்டு ரொட்டிதான்னு."

"அவங்க என் ரொட்டிய பாத்ததே இல்லையேங்க!"

"அத அவங்ககிட்டதான் கேக்கணும்" என்று சொல்லி, டப்பென்று சீல் குத்தினார். சீல் நன்றாக விழுந்தது. ரப்பர் நல்ல ரப்பர்.

எம்பஸிக் கடிதத்திலிருந்து விலக்குக் கேட்டு அவள் எழுதிய விண்ணப்பம் செயலகத் தலைவரின் மேசைக்குப் போனது. விசாரணைக்கு வரச் சொன்னார்கள். நீண்ட மேசை, வெள்ளைத் துணி, தேத்தண்ணி, பால் டொபி. தலைவருக்கு வலப்பக்கம் கொழும்பிலிருந்து வந்த தமிழ்ப் பண்பாட்டு ஆலோசகர். தலைவர் சிங்களத்தில் பேசுவார், ஸ்ரீதரன் தமிழில் மொழிபெயர்க்க வேண்டும் என்பது விதி. ஜீவராணிக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. தலைவர் சொல்லி முடித்ததுமே அவள் சிங்களத்தில் பதில் சொன்னாள். அதையும் மீறி ஸ்ரீதரன் ஒவ்வொரு வரியையும் அவளுக்குத் தமிழில் சொன்னார். விதி விதிதானே.

தலைவர் எழுந்து நின்றார். ஒரே ஒரு ஆள்தான் முன்னால் இருந்தாள் என்றாலும் மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"நமது நாட்டில் இனங்களுக்குள் ஏன் பிரச்சினை வந்தது? யாருடைய சாப்பாடு யாருடையது என்று ஒழுங்காகப் பிரித்துக் கொடுக்கவில்லை. அதுதான் காரணம். நாங்கள் பிரித்துவிட்டோம். கிரிபத், அதாவது பாற்சோறு, சிங்களவருக்கு. வட்டிலப்பம் முஸ்லிம்களுக்கு. இட்லி தமிழர்களுக்கு. இனி ஒருவர் தட்டில் ஒருவர் கை வைக்கத் தேவையில்லை. இதற்குப் பெயர்தான் ஒற்றுமை."

"அப்ப ரொட்டி யாருக்குங்க?" என்று கேட்டாள் ஜீவராணி.

தலைவர் மெல்ல உட்கார்ந்தார். "ரொட்டியைப் பற்றி மூன்று கூட்டம் போட்டோம். எல்லா இனமும் தின்கிறது. அதுதான் சிக்கல். எல்லாருக்கும் பொதுவான ஒரு சாப்பாட்டைப் பல்லினத் திருவிழாவில் எந்தக் கடையில் வைப்பது? அப்படி ஒன்று இருக்கிறதென்று தெரிந்தால் எங்கள் செயலகம் எதற்கு?" இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சத்தமாகச் சொல்லிவிட்டதை அவரே கவனிக்கவில்லை.

பண்பாட்டு ஆலோசகர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "அம்மா, தமிழருடைய பண்பாட்டில் கோதுமை மா ரொட்டி கிடையாது. நீங்கள் தமிழச்சிதானா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. இட்லி அவிக்கலாமே?"

"இட்லியாங்க? நானே வருஷத்துக்கு ஒருக்கா தீவாளிக்குத்தான் திங்கிறேன்."

இட்லிக் கடையும் காலியாக இல்லை. அதைக் கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டலுக்குக் கொடுத்தாகிவிட்டது. ஆக, ஜீவராணி தமிழச்சியாக வர முடியாது. இலங்கைக்காரியாகவும் வர முடியாது. இந்தியாவாக மட்டும் வரலாம். எம்பஸிக் கடிதத்துக்குப் பெரிய மனசோடு விலக்கு அளித்தார்கள்.

"கடைக்கு முன்னால் உணவின் கதையை எழுதி வைக்க வேண்டும்" என்றார் தலைவர். "உங்கள் ரொட்டியின் கதை என்ன?"

ஜீவராணி யோசித்தாள். "விடிஞ்சதும் வேலைக்கு பேரு குடுக்க பெரட்டுல நிக்கணும். சோறாக்க நேரமில்ல. மாவ பிசைஞ்சு தட்டிப்போட்டா கையில எடுத்துக்கிட்டு ஓடலாம். அதாங்க கதை."

ஆலோசகர் அதைத் தாளில் எழுதிக்கொண்டார். பிறகு அடித்துவிட்டார்.

திருவிழா ஒரு சனிக்கிழமை. மைதானத்தில் முழங்கால் வரை சேறு. வெளிநாட்டுத் தெருவைக் கழிப்பறைக்குப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். ஜீவராணியின் கடைக்கு மேலே இந்தியக் கொடி, அதற்குக் கீழே பலகை: 'ராஜஸ்தான் அரண்மனைகளில் மகாராணிகள் விரும்பி உண்ட ரொட்டி.' ஆலோசகர் எழுதிய கதை. அவளுக்குக் கண்ணாடித் துண்டு தைத்த பெரிய பாவாடையும் தலையில் போட ஒரு முக்காடும் கொடுத்திருந்தார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் அந்த முக்காடு பறக்கிற பறப்பைப் பார்த்தால் மகாராணி அன்றைக்கே எரிந்து போவாள் போலிருந்தது.

இடப்பக்கம் இத்தாலி. இத்தாலிக்காரன் பெயர் மெல்வின், ருவான்வெல்லைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆள். வலப்பக்கம் சீனா. சீனாக்காரர் பஸ்லான், எஹலியகொடயில் கொத்து ரொட்டிக் கடை போட்டிருப்பவர்.

"நீங்க எப்பிடிண்ணே சீனாவானீங்க?" என்று கேட்டாள் ஜீவராணி.

"கொத்த பெரிய ஹோட்டலுக்கு குடுத்துட்டாங்க தங்கச்சி. இதே கல்லுல நூடுல்ஸ் போட்டா சீனான்னு சொன்னாங்க. போட்டுட்டேன்."

மெல்வின் தலையில் வெள்ளைத் தொப்பியோடு சேற்றில் நின்றான். "நான் மரக்கறி ரொட்டி சுடுறவன்க்கா. ரொட்டிக்கு எடமில்லன்னாங்க. மரக்கறிய மடிக்காம மேல தூவுனா இத்தாலியாம்."

ஆக மூன்று ரொட்டிக்காரர்கள் மூன்று நாடுகளாக நின்றார்கள். உள்நாட்டுத் தெருவில் இட்லியின் தலையில் செர்ரிப்பழம் வைத்து, முள்ளுக்கரண்டி கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பத்து மணிக்குத் தர்மிளா வந்தாள். ஜீவராணியின் லயத்தில் அடுத்த காம்பராக்காரி, ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவள், தினமும் பஸ் ஏறும் முன் ஒரு ரொட்டி வாங்கித் தின்கிறவள். வெளிநாட்டுத் தெருவுக்குள் வர அவளுக்கு வாசலில் ஒரு அட்டைக் கடவுச்சீட்டு கொடுத்து, விசா சீல் குத்தி அனுப்பியிருந்தார்கள்.

"ஐயோ ஜீவாக்கா! என்னாக்கா இது வேஷம்?"

"பேசாத புள்ள. நான் இந்தியாவுல இருக்கேன்."

தர்மிளா விழுந்து விழுந்து சிரித்தாள். ஜீவராணிக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்துக் காம்பராவிலிருந்து தன் ரொட்டியைத் தின்ன விசாவோடு வந்து நிற்கிறாளே என்று நெஞ்சு எரிந்தது. ஆனால் சான்றிதழ் வேண்டும். ஒன்றாம் திகதி வருகிறது. வாயை மூடிக்கொண்டு ரொட்டி தட்டினாள்.

பதினொரு மணிக்கு மேளம், குடை, கமெராவோடு தலைவர் வந்தார். சேற்றில் அவருக்காகக் கம்பளம் விரித்துக்கொண்டே முன்னால் இரண்டு பேர் ஓடினார்கள். இத்தாலியைத் தின்றார். சீனாவைத் தின்றார். ஜீவராணியின் கடைக்கு முன்னால் நின்று, ரொட்டியைப் பிய்த்து, சம்பலில் தொட்டு வாயில் போட்டார். உறைப்பில் கண் கலங்கியது. அந்தக் கலங்கிய கண்ணோடு கமெராவைப் பார்த்து, பிறகு அவளைப் பார்த்து, மிக மெதுவான இங்கிலீஷில் சொன்னார்:

"வெல்கம் டு ஸ்ரீலங்கா! எங்கள் நாடு பிடித்திருக்கிறதா? எத்தனை நாள் தங்குவீர்கள்?"

போன கிழமைதான் இதே ஆளுக்கு முன்னால் அரை நாள் உட்கார்ந்துவிட்டு வந்தாள். இதே முகம், இதே ஜீவராணி, ஒரு பாவாடைதான் கூட. அவளுக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. முக்காட்டை இழுத்துக் கீழே போட்டாள். சிங்களத்திலேயே பேசினாள், அதுவும் பஸ் ஸ்டாண்டுச் சிங்களத்தில்.

"மாத்தயா, நான் இங்க பொறந்தவ! எங்கம்மா இங்க பொறந்தாங்க, அவங்க அம்மாவும் இங்கதான் பொறந்தாங்க. எத்தன நாள் தங்குவேன்னா கேக்குறீங்க? நீங்க வந்த காரு டயருக்கு பால் வெட்டுனது எங்க ஆளுங்க. என்னய வெளிநாடுன்னு குத்துனீங்களே ஒரு சீலு, அந்த ரப்பரும் எங்க ஆளுங்க வெட்டுன பாலு! போன கிழமை உங்க முன்னுக்கு ஒக்காந்திருந்தேனே, மொகம்கூடவா ஞாபகமில்ல?"

மேளம் நின்றது. மெல்வினின் இத்தாலி கருகியது. தலைவருக்குப் பின்னால் நின்ற ஸ்ரீதரன் சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவரின் முகம் மலர்ந்தது. கமெராவின் பக்கம் திரும்பினார். "பார்த்தீர்களா! ஒரு வெளிநாட்டுப் பெண்மணி நமது மொழியில் எவ்வளவு சரளமாகக் கோபப்படுகிறார்! கோபத்தைக்கூட நமது மொழியில் பகிர்ந்துகொள்கிறார் என்றால், நண்பர்களே, இந்தத் திருவிழாவின் வெற்றிக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?"

எல்லோரும் கை தட்டினார்கள். மேளம் மறுபடி தொடங்கியது. அட பாவிகளா! அடித்திருந்தால்கூடத் திருப்பி அடிக்கலாம். கைதட்டுகிறவர்களை என்ன செய்வது? ஜீவராணி கையில் மாவோடு அப்படியே நின்றாள். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

சாயங்காலம் எல்லாக் கடைக்காரர்களுக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். உள்நாட்டுத் தெருவுக்குப் பச்சை நிறம்: வீதி உணவு விற்க அங்கீகாரம். அதை வாங்கிய ஐந்து ஹோட்டல்களில் ஒன்றுகூட வீதியில் இல்லை. வெளிநாட்டுத் தெருவுக்கு நீல நிறம். ஜீவராணி அதை வீட்டுக்குக் கொண்டுவந்து இருளப்பனிடம் நீட்டினாள். அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"'எமது நாட்டுக்கு வருகை தந்தமைக்கு நன்றி. வெளிநாட்டு விருந்தினர் என்ற வகையில் தாங்கள் இங்கு வியாபாரம் செய்ய முடியாது என்பதைப் பணிவுடன் அறியத் தருகிறோம். சென்று மீண்டும் வருக.'" நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "எங்க போய்ட்டு மீண்டும் வரணுமாம்?"

ஒன்றாம் திகதி விடியும்போதே மழை. இருளப்பனுக்குப் பால் வெட்டு இல்லை. ஜீவராணி மேசையைப் போட்டாள், மேலே ரப்பர் சீட்டைக் கட்டினாள், பக்கத்தில் நிலத்தில் மூன்று செங்கல் வைத்து ரொட்டிக்கல்லை ஏற்றினாள். நீலச் சான்றிதழைக் கண்ணாடிப் பெட்டியின் முகப்பில் ஒட்டினாள். அவிசாவளை பஸ்ஸுக்கு நின்றவர்கள் வழக்கம்போல வரிசையாக வந்தார்கள்.

ஏழு மணிக்கு லொறி வந்தது. அதிலிருந்து ஸ்ரீதரன் இறங்கினார். அன்றைக்கு மட்டும் அரசாங்கம் ஒன்றரை மணித்தியாலம் முந்திவிட்டது. கையில் ஒரு பட்டியல்: மேசை ஒன்று, கண்ணாடிப் பெட்டி ஒன்று, ரொட்டிக்கல் ஒன்று. மூன்றையும் ஏற்றி, மூன்றுக்கும் நேரே கையெழுத்துப் போட்டால்தான் லொறி நகரலாம்.

"அக்கா, நான் என்னா செய்ய? மேலிடத்து உத்தரவு. கெளம்பி போங்கக்கா உங்க எடத்துக்கு" என்றார் தணிந்த குரலில்.

ஜீவராணி இடுப்பில் செருகியிருந்த பிறப்புச் சாட்சிப்பத்திரத்தை எடுத்து, மடிப்பைப் பிரித்து, அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "எனம்ங்கிற கட்டத்த மட்டும்தானே சார் அன்னிக்கு படிச்சீங்க. பொறந்த எடம்னு ஒரு கட்டம் இருக்கு. அதயும் படிங்க. சத்தமா படிங்க, எல்லாருக்கும் கேக்கட்டும்."

பஸ் ஸ்டாண்டில் இதுவரை அவரைத் தம்பி என்று தவிர வேறு மாதிரி அவள் கூப்பிட்டதில்லை. அந்த 'சார்' அவருக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும்.

"தெஹியோவிட்ட" என்று படித்தார்.

"அப்ப என் எடத்துக்குத்தானே வந்திருக்கேன்? உங்க பேர்த் சேட்டிபிக்கட்ல எனம் என்னான்னு போட்டிருக்கு சார்?"

வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் பதில் தெரியும். சிங்களத்தில் ஒருத்தர் ஏதோ சொல்ல, வரிசையே சிரித்தது. "பிறந்த இடம் என்னுடைய பிரிவுக்குள் வராது" என்று ஸ்ரீதரன் பட்டியலைப் பார்த்துச் சொன்னார். மேசையை ஏற்றினார்கள். கண்ணாடிப் பெட்டியை ஏற்றினார்கள். இரண்டு ஆள் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு கல்லுக்கு வந்து, கிட்டே நெருங்க முடியாமல் பின்வாங்கினார்கள்.

"கொதிக்குது சார்."

"ஆறட்டும்" என்றார் ஸ்ரீதரன்.

ஜீவராணி நிலத்தில் குந்தினாள். ஓர் உருண்டையை எடுத்துத் தட்டிக் கல்லில் போட்டாள். அது வெந்ததும் அடுத்தது. வரிசை குனிந்து வாங்கிக்கொண்டது. விறகு குறைந்தபோது இருளப்பன் ரப்பர் விறகுக் கட்டோடு வந்து சேர்ந்தான். மா குறைந்தபோது தர்மிளா பஸ்ஸை விட்டுவிட்டுக் கடைக்கு ஓடி இரண்டு கிலோ வாங்கி வந்தாள். லொறிக்காரர்கள் மழையில் நின்று நின்று பார்த்தார்கள். பிறகு அவர்களும் வரிசையில் நின்றார்கள்.

ஸ்ரீதரனின் போன் அடித்தது. "இல்ல சார்... இன்னும் ஆறல சார்... ஆமா சார், கல்லு" என்று சொல்லி வைத்தார். அவருக்கு வயிறு கத்தியது. காலையில் ஒன்றும் தின்னவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாளும் வீட்டில் தின்றுவிட்டு வந்ததில்லை. கிட்டே வந்து குனிந்தார்.

"அக்கா... ரெண்டு ரொட்டி..."

ஜீவராணி நிமிர்ந்து பார்க்கவில்லை. "வெளிநாட்டு சாப்பாடுங்க சார். எம்பஸி கடுதாசி கொண்டு வந்திருக்கீங்களா?"

எட்டரை மணி ஆனது. ஸ்ரீதரன் பட்டியலின் மூன்றாம் வரிக்கு நேரே 'கல் இன்னும் சூடாக உள்ளது' என்று எழுதி, திகதி போட்டு, மழையில் நின்றார். ஜீவராணி அடுத்த உருண்டையை எடுத்துத் தட்டினாள்.